முப்பத்துநாலு கக்கூஸ், ஒரு காபி

அனுஷா நல்ல பெண். நான் ரிட்டையர் ஆகிவிட்டு வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். போன வாரம் போன் செய்தாள். "ஆன்ட்டி, ஏக் ஹெல்ப் சாஹியே. நம்ம காபி பாக்கெட்ல க்யூஆர் கோடு போடறோம். ஸ்கேன் பண்ணா அந்த காபிய விளைய வச்ச விவசாயியோட முகம், பேரு, காபினால அவங்க லைஃப் எப்டி இம்ப்ரூவ் ஆச்சு, எல்லாம் வரணும். ஒரு பாக்கெட், ஒரு விவசாயி. நீங்கதானே மலைக்கெல்லாம் போனவங்க. நூறு வார்த்தை போதும்" என்றாள்.

சரி என்று எழுத உட்கார்ந்தேன். நூறு வார்த்தையில் ஊர்ப் பெயரையும் மழையையும்தான் எழுத முடிந்தது. பிறகு பேனா அது போக்கில் போய்விட்டது. தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அனுஷா தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிப்பதென்றால் எழுத்துக் கூட்டி இரண்டு வரி தாண்டமாட்டாள். அதனால் தைரியமாக எல்லாவற்றையும் சொல்லலாம்.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை போட்டவர். எங்கள் சந்தில் இந்தப் பக்கம் முறுக்கு எண்ணெய், அந்தப் பக்கம் தோல் குடோன், நடுவில் சோப்புக் காய்ச்சுகிற வீடு. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வாசலில் நிற்கிறேன் என்று மூக்கே சொல்லிவிடும். இருபது வயதில் மாட்டுங்காவில் ஒரு காபிக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மலையிலிருந்து கொட்டை வாங்கி, பாதியை வறுத்து இங்கே விற்பார்கள், பாதியை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், "சார், அந்த மூணாவது மூட்டை நனைஞ்சிருக்கு, சணல் வாடை அடிக்குது" என்று சொல்லிவிட்டேன். மூட்டை பக்கத்து அறையில் இருந்தது. போய்ப் பார்த்தால் அடிப்பக்கம் ஈரம்.

அப்படித்தான் ராமநாதன் சாரின் கண்ணில் பட்டேன். அவர்தான் கம்பெனியின் தலைமை ருசி பார்ப்பவர். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். "நோக்கு எங்கேர்ந்து வந்தது இந்த மூக்கு?" என்று கேட்டார்.

"தாராவி சார்."

"அப்போ டிகிரி வாங்கின மூக்குதான். நாளைலேர்ந்து டைப் வேண்டாம், இங்க வா."

பயிற்சி ஆறு வருஷம். அதை ஆறு வரியில் சொல்லிவிடலாம். பவுடர் கூடாது. வாசனைச் சோப்பு கூடாது. காலையில் வெங்காயம், பூண்டு கூடாது. தலையில் பூ கூடவே கூடாது. என் அம்மாவுக்கு இந்தக் கடைசி விதி மட்டும் செரிக்கவே இல்லை. "ஏட்டி, கல்யாணம் ஆவாத பிள்ள பூ வைக்காமப் போற கம்பெனி என்ன கம்பெனி? வேலைக்குப் போறியா, மடத்துல சேரப் போறியா?" என்று கேட்பாள். கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போன பிறகு லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் மீன் கூடைக்கும் மல்லிகைச் சரத்துக்கும் நடுவே மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வருவேன். பார்க்கிறவர்கள் எனக்கு ரொம்பத் திமிர் என்று நினைத்திருப்பார்கள்.

ருசி பார்க்கிற சடங்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். ஒரு சரக்கிலிருந்து எடுத்த கொட்டையை இளம் வறுவலாக வறுப்போம். ஐந்து கிண்ணங்களில் தனித்தனியாக அரைத்துப் போடுவோம். ஒரே சரக்குக்கு எதற்கு ஐந்து கிண்ணம் என்றால், ஒரு மூட்டை கெட்டிருந்தாலும் ஏதாவது ஒரு கிண்ணத்தில் மாட்டிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றி நான்கு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலே திட்டாகக் கட்டியிருக்கும். அதைக் கரண்டியின் முதுகால் விலக்கும்போது வருகிற முதல் ஆவியில் மூக்கு இருக்க வேண்டும். பிறகு கரண்டியில் எடுத்து ஒரே உறிஞ்சு. நாக்கு முழுக்கத் தெறித்து மூக்குக்கு ஏற வேண்டும். அப்புறம் பித்தளைக் கோளாம்பியில் துப்ப வேண்டும்.

ராமநாதன் சார் உறிஞ்சினால் கீழே கடையில் காபிப் பொடி வாங்க வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். ஓட்டைத் தண்ணீர்க் குழாயில் காற்று ஏறின மாதிரிச் சத்தம். புதிதாக வந்த ஒரு மாமி ஒருமுறை யாருக்கோ இழுப்பு என்று நினைத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்.

அவர் மூன்றே மூன்று தீர்ப்புகள் வைத்திருந்தார். நல்ல காபி என்றால் "பரவாயில்லை." சுமாரான காபி என்றால் "ஹூம்." படுமோசமான காபி என்றால் மட்டும், "பேஷ், பேஷ், தூக்கிண்டு போ" என்பார். ஒரு காபித் தோட்டக்காரர் இந்த பேஷை நம்பி வாசலில் இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

சாரைப் பற்றி இன்னொரு விஷயம். மூன்று மணிக்கு அவர் பின்வாசல் வழியாக இறங்கி முக்கில் இருக்கிற டப்ரி என்கிற தெருவோர டீக்கடையில் கட்டிங் சாய் குடிப்பார். நான் ஒரு நாள் பார்த்துவிட்டேன். "காபி உத்தியோகம், டீ சந்தோஷம். ரெண்டையும் கலக்கப்படாது. வெளில சொன்னியானா மூக்கை அறுத்துடுவேன்" என்றார். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன, அதனால் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் எங்களிடம் காபி வாங்குகிற ஒரு கம்பெனிக்கு ஒரு வருஷம் திடீரென்று நல்ல மனசு வந்துவிட்டது. இனிமேல் காபி மட்டும் நன்றாக இருந்தால் போதாது, அதை விளைவிக்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பழனி மலைத்தொடரின் கீழ்ச் சரிவில் ஒரு குக்கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நிஜப் பெயர் வேண்டாம், மேல்கொம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்துநாலு வீடு. ஆரஞ்சு, பலா, மலைவாழை நிழலில் கொஞ்சம் கொஞ்சம் காபி. அதுவரை கீழே சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காரர் கண்ணால் பார்த்து ஒரு விலை சொல்வார், இவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். இப்போது நேரடியாக வெளிநாட்டுக்கு, நல்ல விலைக்கு. கூடவே வீட்டுக்கு ஒரு கழிப்பறை. சிமெண்டுக் கூரை, பீங்கான் கோப்பை, நீலக் கதவு, தொடக்கமாக இரண்டு பாட்டில் ஃபினாயில்.

மனித மேம்பாட்டுப் படிவம் என்று ஆறு பக்கம் வந்தது. யாராவது மலைக்குப் போய் வீடு வீடாகக் கேட்டு நிரப்ப வேண்டும். முதலாளி சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். நான் அதுவரை காபிச் செடியைக் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

போவதற்கு முன் சார் ஊருக்கு ஒரு கடிதம் போட்டார். நான்தான் டைப் அடித்தேன், பழைய கை. 'இன்ன தேதியில் எங்கள் பிரதிநிதி வருகிறார். கழிப்பறைகள் மிகவும் சுத்தமாக இருக்க வேண்டும்.' இந்த இரண்டாவது வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் நாங்கள் ஒரு வருஷத்து வெள்ளாமையைக் கெடுத்தோம்.

கல்யாணில் நாகர்கோவில் ரயில் ஏறி, கொடை ரோட்டில் இறங்கி, பஸ், ஜீப், கடைசியில் நடை. தை மாதத்திலும் தூறிக்கொண்டிருந்தது. ஊர்க் காபி விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் வெள்ளையம்மா வந்து அழைத்துப் போனார். கிட்டத்தட்ட என் வயது. ஏற்றத்தில் எனக்கு நாக்குத் தள்ளியது. அவர் முன்னால் போய்ப் போய் நின்று, "மெதுவா வாங்கம்மா, ஊரு எங்கயும் ஓடிராது" என்பார்.

வீட்டில் டீ கொடுத்தார். காபி இல்லையா என்று கேட்டேன். "அது விக்கிறதுக்குங்க" என்றார்.

முப்பத்துநாலு கழிப்பறையையும் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றே வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று கதவைத் தட்டி, உள்ளே இருக்கிற பொம்பளையிடம் வண்டி வண்டியாக ஏச்சு வாங்கியவள். இங்கே வீட்டுக்கு ஒன்று. வரிசை கிடையாது, ஏச்சு கிடையாது. பளபளவென்று கோப்பை. ஃபினாயில் மணம் ஊர் எல்லையிலேயே வரவேற்றது. மனிதனுக்கு இதைவிட என்ன மேம்பாடு வேண்டும் என்று நினைத்தேன். 'கழிப்பறை பயன்படுத்தப்படுகிறதா?' ஆம். முப்பத்துநாலு டிக். சின்னக்காளை என்று ஒரு மனிதர் வீட்டில் மட்டும் கோப்பையில் தூசி படிந்திருந்தது. "கழுவலையா?" என்றேன். "அழுக்கானாத்தான கழுவணும்" என்றார். சோம்பேறி என்று மனசுக்குள் வைதுவிட்டு அவருக்கும் ஒரு டிக் போட்டேன்.

வெள்ளையம்மா வீட்டுக் கோப்பை மூலையில் மூன்று காபிக் கொட்டைகள் கிடந்தன. பார்த்தேன். பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்தேன். முப்பது வருஷம் கொட்டையோடு வாழ்ந்தவள், கொட்டை கிடக்கக் கூடாத இடத்தில் கிடக்கிறதே என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் 'வீட்டில் பெண்பிள்ளை மேற்படிப்புப் படிக்கிறாரா?' என்று ஒரு கேள்வி. வெள்ளையம்மாவின் மகள் கோமதி பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். திண்டுக்கல்லில் நர்சிங் சேர்க்க எல்லாம் பேசியாகிவிட்டது. "இந்தக் காபி போனதும் கட்டிருவோம்மா. இவ படிச்சா எங்க ஊர்லயே மொத நர்சு" என்றார் வெள்ளையம்மா. கோமதி கதவோரம் நின்று ஆமாம் என்று தலையாட்டினாள். ஜூனில் சேரப் போகிறவள்தானே என்று அதற்கும் முன்கூட்டியே ஒரு டிக் போட்டேன். கை டிக் போட்டே பழகிவிட்டது.

பங்குனியில் பார்சலில் மாதிரி வந்தது. சங்கத்தின் எல்லா மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு பிடி. வறுத்து, அரைத்து, ஐந்து கிண்ணம் வைத்தோம். நான்கு நிமிஷம் நின்றோம். சார் முதல் கிண்ணத்தில் கரண்டியை வைத்து விலக்கினார். மூக்கைக் கொண்டுபோனவர் அப்படியே நிமிர்ந்தார். உறிஞ்சவே இல்லை. இரண்டாவது, மூன்றாவது. கடைசி இரண்டை மட்டும் உறிஞ்சினார், துப்பினார், யோசித்தார்.

"மூணு ஆஸ்பத்திரி வராந்தா. ரெண்டு…" என்று நிறுத்தினார். நானும் பார்த்தேன். மூன்று கிண்ணத்தில் சுத்த ஃபினாயில். மற்ற இரண்டில் ஆரஞ்சுத்தோல், நாட்டுச்சர்க்கரை, பின்னால் மெல்லிசாக ஒரு பூ வாசனை. "ரெண்டு ரொம்ப நன்னா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை என் சர்வீஸிலேயே அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்கு அந்த மூன்று கொட்டைகள் ஞாபகம் வந்தன. "சார், அவங்க காபிய கக்கூஸ்ல வச்சிருந்திருக்காங்க. நம்ம வர்றோம்னு மூட்டைய வெளிய எடுத்து, ஃபினாயில் போட்டுக் கழுவி, நான் டிக் போட்டுட்டுப் போனதும் திரும்ப உள்ள வச்சிருக்காங்க" என்றேன்.

சார் கைக்குட்டையால் கரண்டியைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "அப்போ காபியைக் கெடுத்தது அவா இல்லை. நானும் நீயும். நான் லெட்டர் போட்டேன், நீ டிக் போட்டே" என்றார்.

முதலாளி கீழே இருந்து ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சலேகா, ஓடிடும். சிக்கரி கலந்து கேன்டீனுக்குத் தள்ளிடலாம். எவனுக்குத் தெரியப் போறது?" என்றார். சார் முதல் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு, நேராகக் கோளாம்பியைத் தேடிப் போனார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

"அஞ்சுல ரெண்டு நன்னா இருக்குன்னா சில மூட்டை பிழைச்சிருக்கு. போ. ஒண்ணொண்ணா மோந்து பிரிச்சுண்டு வா. மொத்தமா அனுப்பினா மொத்தமும் திரும்பி வந்துடும்" என்றார் சார்.

மறுபடி நாகர்கோவில் ரயில். இந்த முறை கடிதம் போடவில்லை.

வெள்ளையம்மா வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். நீலக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கோப்பைக்கு மேல் பலகை போட்டு, அதன் மேல் நாலு மூட்டை, மேலே உரச்சாக்குப் போர்த்தி, பச்சைப்பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி வைத்திருந்தார்.

"இந்த ஊர்ல மழை ஒழுகாத கூரை இது ஒண்ணுதாம்மா. இதுல யார வைக்கிறது, எங்களையா, காபியவா? மனுசன் நனைஞ்சா காஞ்சுருவான். காபி நனைஞ்சா?" என்று கேட்டார்.

"அதுக்குன்னு… இது எதுக்குக் கட்டினது?" என்று இழுத்தேன்.

"தண்ணி எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்றார். ஊற்று கீழே இருந்தது. முதல் தடவை வந்தபோது எனக்கு நாக்குத் தள்ளிய ஏற்றத்தின் அடியில். "ஒருத்தர் உள்ள போய்ட்டு வந்தா ஒரு குடம் ஊத்தணும். அந்தக் குடத்த இங்க எவன் தூக்குவான்? நாந்தான். நீங்க வர்றீகன்னு லெட்டர் வந்தன்னிக்கு ஊர்ப் பொம்பளைக பூராம் வேலைக்குப் போகல. காலைல இருந்து தண்ணி சுமந்தோம். செயலாளர் வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு எனக்குக் குடுத்த ரெண்டு பாட்டிலையும் நானே ஊத்திட்டேன்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்களிடம் ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரிச் சொன்னார். தாராவியில் கதவுக்காக வரிசையில் நின்றவள், இங்கே கதவைப் பார்த்து அழுதேனே தவிர, குடத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆறு பக்கப் படிவத்தில் தண்ணீருக்கு ஒரு கேள்வி இருந்தது. 'குடிநீர் ஆதாரம்: ஊற்று.' டிக். அந்த ஊற்றிலிருந்து யார் தூக்குகிறார்கள் என்று கேட்க அதில் இடமில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூட்டைகளைக் களத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். நூற்றுச் சொச்சம் இருக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் சணல் நூலில் ஒரு அட்டைச் சீட்டு, அதில் விவசாயியின் பெயர், எண். வெளிநாட்டுக்காரன் விதி அது: எந்த மூட்டை யாருடையது என்று தெரிய வேண்டும். பெயர் இல்லாத மூட்டையை ஏற்றக் கூடாது. நான் விளக்கமாகச் சொன்னேன். "மோந்து பாப்பேன். நல்லாருந்தா இந்தப் பக்கம், வாடை இருந்தா அந்தப் பக்கம். யார் மூட்டை நல்லாருக்கோ அவங்களுக்கு நம்ம விலை. மத்தது பழைய கமிஷன் கடைக்குத்தான்."

சொல்லி முடித்ததும் எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. நன்றாகக் கழுவினவர்களின் காபி நாறும். பேருக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினவர்கள், கழுவாதவர்கள் காபி மணக்கும். சொன்ன பேச்சைக் கேட்ட வெள்ளையம்மாவுக்கு ஒரு மூட்டைகூடத் தேறாது, கோமதிக்கு நர்சிங் கிடையாது. கழிப்பறையைக் கழுவவே கழுவாத சின்னக்காளைக்கு அத்தனையும் தேறும். நான் சோம்பேறி என்று வைத ஆள். கடவுள் சில நேரம் ரொம்ப வேடிக்கையான பேர்வழி.

வெள்ளையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் நாலு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமதி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுவந்த செய்தியின் கனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர் குடித்து நாக்கைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். கால் மணி நேரம் இருக்கும்.

திரும்பி வந்தால் எந்த மூட்டையிலும் சீட்டு இல்லை. சணல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. களத்து மூலையில் அட்டைகள் ஒரு குப்பையாக எரிந்துகொண்டிருக்கின்றன. சின்னக்காளை பக்கத்தில் குந்தி, கடைசிச் சீட்டை வைத்துப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது?" என்று கத்திவிட்டேன். "யாரு கிழிச்சது?"

"காத்துல பறந்துருச்சு" என்றார் சின்னக்காளை.

"நூத்துச் சொச்சம் சீட்டும் ஒரே காத்துலயா?"

"மலைக் காத்து. நீங்க பாம்பாய்க்காரவுக, ஒங்களுக்குத் தெரியாது."

மற்ற முப்பத்துமூன்று வீட்டுக்காரர்களும் மரத்தைப் பார்த்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் கோணி ஊசித் தையலைப் பார்த்தாலே யார் மூட்டை எது என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒவ்வொரு தையல். தெரியாதவள் அந்தக் களத்தில் நான் ஒருத்திதான்.

வெள்ளையம்மா மட்டும் சின்னக்காளையிடம் போய் மெதுவாக, "வேணாம் மாமா, ஒங்க வெள்ளாமை அது" என்றார். அவர் புகையை விட்டுவிட்டு, "போ ஆத்தா. ஊரு நாறுனா நாறட்டும், மணத்தா மணக்கட்டும். நான் ஒருத்தன் மட்டும் மணந்துகிட்டு இங்க எப்படிக் குடியிருக்கிறது?" என்றார்.

ஆனாலும் விதி விதிதானே. சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையின் மேல் ஏறி சாருக்குப் போன் போட்டேன். "சார், எல்லாச் சீட்டையும் எரிச்சுட்டாங்க. யார் மூட்டை எதுன்னு சொல்லமாட்டேங்கிறாங்க. பரோபர், வசமா மாட்டிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் டப்ரியில் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. மணி மூன்று என்று தெரிந்துகொண்டேன்.

"நீ மூட்டையை மோந்து பாத்தியோ?" என்றார்.

"இனிமேத்தான் சார்."

"பாரு. நன்னா இருக்கிறதை ஏத்து. காபிக்கு அப்பன் பேர் கேக்கற வழக்கம் நம்மகிட்ட இல்லை. ஊர்ப் பேரை எழுதிக் கையெழுத்துப் போடு. மேல யாராவது கேட்டா ராமநாதன் சொன்னான்னு சொல்லு."

பாறையிலிருந்து இறங்கினேன். ஒவ்வொரு மூட்டையாக வாயைப் பிரித்து, கை விட்டு அடியிலிருந்து அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்தேன். நாலு மூட்டைக்கு ஒரு தடவை என் முழங்கை மடிப்பை முகர்ந்துகொள்வேன். சொந்தத் தோல் வாசனை மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும், சார் சொல்லிக்கொடுத்தது. நான் முகர்ந்து தலையாட்டினால் இரண்டு பேர் தூக்கி வலப்பக்கம் வைப்பார்கள். உதட்டைப் பிதுக்கினால் இடப்பக்கம். வலப்பக்கம் போனபோதும் இடப்பக்கம் போனபோதும் யார் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு நேரம் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்ததே இல்லை. முடிவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது. அதன் விலையை முப்பத்துநாலு வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கோமதி அந்த ஜூனில் நர்சிங் சேர்ந்தாள். இன்றைக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஐந்தாம் பக்கத்தில் நான் போட்ட பொய் டிக்கை அந்த ஊர்தான் உண்மையாக்கிக் கொடுத்தது.

மற்றப் பொய்களை நானே திருத்தினேன். மாட்டுங்கா திரும்பியதும் படிவத்தை மறுபடி எழுதினேன். 'கழிப்பறை பயன்படுத்தப்படுகிறதா?' ஆம், காபி வைக்க. 'காரணம்?' குடோன் இல்லை. தண்ணீரைப் பெண்கள் சுமக்க வேண்டும். கீழே சார் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து திட்டு வரும், ஊரை நீக்கிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். வருஷக் கடைசியில் வழவழப்பான ஒரு புத்தகம் வந்தது. அதில் மேல்கொம்பு படத்தின் கீழே, 'அனைத்துக் கழிப்பறைகளும் முழுப் பயன்பாட்டில் உள்ளன' என்று போட்டிருந்தது. சார் அதை வாசித்துவிட்டு, "பேஷ், பேஷ், தூக்கிண்டு போ" என்றார்.

குடோன் அடுத்த வருஷம் வந்தது, அதற்கு அடுத்த வருஷம் குழாய் வந்தது. குழாயைக் கொண்டுவந்தது யாருடைய படிவமும் இல்லை. வெள்ளையம்மா ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊராட்சி அலுவலகத்து வாசலில் காலிக் குடத்தோடு உட்கார்ந்ததுதான் கொண்டுவந்தது. குழாய் வந்த அன்றைக்கு எனக்குப் போன் செய்தார். "இப்ப டிக் போட்டுக்கங்கம்மா. ஆனா சின்னக்காளை மாமா கக்கூஸ்ல இப்ப மிளகு இருக்கு" என்றார்.

அனுஷா நேற்று மறுபடி போன் செய்தாள். "ஆன்ட்டி, நூறு வார்த்தை ரெடியா? மேல்கொம்பு பாக்கெட்டுக்கு ஒரு விவசாயியோட பேரும் போட்டோவும் கண்டிப்பா வேணும். யாரோட காபின்னு கஸ்டமர்க்குத் தெரியணும்ல?"

தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. அந்தக் களத்தில் என் கையால் அள்ளி முகர்ந்து ஏற்றிய மூட்டைகளில் எது யாருடையது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் முப்பத்துநாலு வீட்டுக்காரர்கள், அவர்கள் இதுவரை வாய் திறக்கவில்லை.

மேஜை டிராயரில் ஒரு முழ நீளச் சணல் நூல் வைத்திருக்கிறேன். சீட்டு எரிந்த மூட்டை ஒன்றிலிருந்து அவிழ்த்து வந்தது. அனுஷா வீட்டுக்கு வரட்டும், அதைக் கொடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.